கார்கள் எப்போது பேசவேண்டும்? விடை தேடும் 'பரிணாம' முறை

முன்னால் போகும் கார் திடீரென பிரேக் போடுகிறது. அந்த எச்சரிக்கை வானலைவழி பின்னால் வரும் கார்களுக்கு உடனே போகணும்.

சிக்கல் என்ன?

எல்லாக் கார்களும் ஓயாமல் பேசினால் அலைவரிசையில் நெரிசல். ரொம்பக் குறைவாகப் பேசினால், பக்கத்தில் எந்தக் கார் என்றே தெரியாது.

தீர்வு?

எத்தனை விநாடிக்கு ஒரு தகவல் என்பது போன்ற அமைப்புகளைக் கணினி பாவனைச் சாலையில் சோதிக்கும். தேறியவற்றைக் கலந்து, கொஞ்சம் மாற்றி, அடுத்த 'தலைமுறையை' உருவாக்கும்.

ஸ்பெயினின் மலாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையும் வேறு சில தேடல் முறைகளையும் சோதித்தனர். கிடைத்த அமைப்புகள் வழக்கமானதைவிடச் சிறப்பாகச் செயல்பட்டதாக 2012இல் தெரிவித்தனர்.

ஆனால் மதிப்பெண் விதியை எழுதுவது மனிதர்களே. நெரிசலைக் குறைப்பதற்கே அதிக மதிப்பெண் கொடுத்தால், எச்சரிக்கை தாமதமாகலாம். பிரேக் போடும் நேரத்தில் அந்தத் தாமதம்தான் ஆபத்து.