ஸ்டோர் வாசலில் தேனீப் பூங்கா, லயத்தடியில் களைநாசினி



எங்கள் தோட்டத்து ஸ்டோர் வாசலில் போன மாதம் ஒரு பலகை நட்டார்கள். "தேனீக்களின் பூங்கா" என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டார் வருகிறார்களாம். மண் கொத்தியதும் சாணம் சுமந்ததும் நம் பெண்கள். வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே கிழமையில், கீழ் லயத்துக்குப் பின்னால் படர்ந்திருந்த பூசணிக் கொடிகளைக் கம்பனிக் காணி என்று சொல்லிப் பிடுங்கி எறிந்தார்கள். கானோரம் மருந்தும் அடித்தார்கள்.

பூங்காவில் இருப்பது குரோட்டனும் அடுக்கு ரோஜாவும். குரோட்டன் இலை அழகுக்கு. அடுக்கு ரோஜாவின் இதழ்களைத் தாண்டித் தேனீ உள்ளே போக முடியாது. போனாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பலகையைப் படித்துவிட்டா தேனீ வரும்?

தேயிலைக் கொழுந்துக்குத் தேனீ தேவையில்லை. பூக்க விடாமல் கிள்ளி விடுகிறோம். தேனீ வேண்டியது நம் குழம்புச் சட்டிக்கு. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து பகலுக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பாகலும் அப்படித்தான். வாங்கும் சம்பளத்தில் மரக்கறி விலைக்கு ஈடுகொடுக்க முடியாத வீட்டில் அந்தப் பிஞ்சுதான் ஒரு நேரக் கறி.

உண்மையான தேனீத் தோட்டம் லயத்தடியில்தான் இருந்தது. பூசணி, துளசி, பறிக்காமல் பூக்கவிட்ட கொத்தமல்லி, வேலியோரத் தும்பை, ஒரு கொய்யா மரம். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும். நம் நாட்டில் தேனீக்கு வருடம் முழுக்கத் தீனி வேண்டும். வெயில் மாதங்களில் தட்டில் கல் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் குடித்துவிட்டுப் போகும். கொசுத்தேனீ சுவர் வெடிப்பிலேயே கூடு கட்டும். லயத்தில் வெடிப்புக்கா பஞ்சம்!

2015இல் நாடு முழுக்கத் தடை செய்த கிளைபோசேட்டை, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஆகாது என்ற மருந்து அன்று நமக்கு மட்டும் எப்படி ஆனது? முதுகில் டாங்கி சுமப்பவன் நம் பிள்ளை. கருகுவது தேனீயின் தீனி.

துரைமார் ஒரு கெட்டிக்காரப் பேச்சு வைத்திருக்கிறார்கள். "குளவிக் கூட்டைக் கலைக்கச் சொல்வதும் நீங்கள், தேனீ வேண்டும் என்பதும் நீங்களா?" உயர்ந்த மரத்திலும் பாறையிலும் கூடு கட்டும் மலைத்தேனீயையும் நாம் குளவி என்றுதான் சொல்கிறோம். அது கொட்டிச் செத்தவர்கள் நம்மில் உண்டு. ஆனாலும் கூட்டை எரிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. கூடு இருக்கும் மலைக்கு ஆள் அனுப்பாதே, கொட்டுப்பட்டு ஓடி வந்தவர்களுக்கு அரைப்பேர் போடாதே, கொழுந்து லொறியில் ஏற்றாமல் அம்புலன்ஸைக் கூப்பிடு என்கிறோம். நட்டஈட்டுச் சட்டம் 1934இல் வந்தது. இன்றைக்கும் கொட்டுப்பட்டவரின் குடும்பம் படிவத்துக்காக ஒபிஸ் வாசலில் நிற்கிறது.

பலகை அங்கேயே இருக்கட்டும். லயத்தைச் சுற்றி மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும். பிடுங்கிய துண்டுக் காணியைத் திருப்பித் தர வேண்டும். இரண்டையும் எழுத்தில் தர வேண்டும். வரும் மாதக் கூட்டத்தில் எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் இதை எடுக்க வேண்டும். அடுத்த முறை சான்றிதழ்க்காரர் வரும்போது எங்கள் மாதர் தலைவிமார் அவர்களைக் கீழ் லயத்துக்குக் கூட்டிப் போவார்கள். பூசணி விதையை மறுபடி ஊன்றிவிட்டோம்.