ஓனருக்கு 30 சதவீதம், குடித்தனக்காரருக்குப் பீங்கான் ஃபியூஸ்

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அந்தப் போர்டைத் தெரிந்திருக்கும். ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ், பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் ஸ்விட்ச். அங்கிருந்து மரச்சட்டத்தில் கிளிப் அடித்து வீடு முழுக்க ஓடும் ஒயர். தொட்டால் உறை உதிரும். ஒவ்வொரு புதுக் குடித்தனத்துக்கும் பெயிண்ட் அடித்து வாடகையை ஏற்றுவார்கள். போர்டு மட்டும் அப்படியே!

கேட்டால் ஓனரிடம் மூன்று பதில் தயாராக இருக்கும்.

ஒன்று: "நாப்பது வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே."

நாற்பது வருடம் முன்னால் ஓடியது நாலு பல்பு, ரெண்டு ஃபேன். இன்றைக்கு 2000 வாட் கீசர் ஒன்றே 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துபோகும். எரிவதுதானே அதன் வேலை? ஆனால் நம்ம ஊரில் ஏதோ ஒரு ஒயரை உரித்து, நாலு இழைக் கம்பியை முறுக்கிச் சுற்றிவிடுவார்கள். அப்புறம் ஃபியூஸ் எரியாது, ஒயர்தான் எரியும்.

சரியான ஃபியூஸ் போட்டாலும் ஷாக் அடிக்கும்போது அது உதவாது. உடம்பு வழியாக 100 மில்லிஆம்பியர் போனாலே உயிர் போகலாம். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்க ஆர்.சி.சி.பி. வேண்டும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

இரண்டு: "ஆள் இருக்கும்போது எப்படி மாத்துறது? காலி பண்ணுங்க, பாத்துக்கலாம்."

காலி செய்யவே தேவையில்லை. பழைய போர்டுக்குப் பக்கத்திலேயே எம்.சி.பி. வைத்த புது போர்டு. சுவரை உடைக்காமல், மேலேயே பி.வி.சி. கேசிங் அடித்துப் புது ஒயர். ஒவ்வொரு அறையாகப் புது போர்டுக்கு மாற்றலாம். வேலை நடக்கும் அறையில் மட்டும் கரண்ட் இருக்காது. மெயினை மாற்றும் அன்று சில மணி நேரம் மொத்த வீட்டுக்கும் இருக்காது, அவ்வளவுதான். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யக்கூடிய வேலை இது.

மூன்று: "ஏசி போட்டது நீங்க, செலவும் உங்களுது."

இதுதான் அசல் விஷயம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017 வாடகைச் சட்டம், அக்ரிமெண்டில் வேறு மாதிரி எழுதாதவரை, ஒயரிங்கை ஓனர் தலையிலும் ஸ்விட்ச், சாக்கெட் ரிப்பேரைக் குடித்தனக்காரர் தலையிலும் வைக்கிறது.

வருமான வரிக்கு வருவோம். வாடகையைக் கணக்கில் காட்டும் ஓனருக்கு, வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு. ரிப்பேர் மாதிரியான செலவுகளுக்கு ஈடாகத் தருவது. பில் கேட்பதில்லை! மாதம் 12,000 வாடகை என்றால், வீட்டு வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், வருடம் 43,200 ரூபாய்க்கு வரி கிடையாது. ஒயரிங் மாற்றியவருக்கும் அதே கழிவு, ஒரு ஸ்க்ரூகூட மாற்றாதவருக்கும் அதே கழிவு. அப்புறம் யார் மாற்றுவார்கள்?

ஆகவே மக்களே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் பெயிண்டைப் பார்க்காதீர்கள், போர்டைப் பாருங்கள். "ஒயரிங் ஓனர் பொறுப்பு" என்று அக்ரிமெண்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்கே மறுப்பவர் பின்னால் எதையும் மாற்றித் தரப்போவதில்லை.