சுனோடா: நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம் மூன்றாம் ஆண்டு. கார் ஓட்டத் தெரியாது, கையில் இருப்பது வெறும் எல்.எல்.ஆர்.தான். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். இது கணக்கு பற்றிய பதிவு என்பதால் தைரியமாக எழுதுகிறேன். கார் ரேஸ் பிடிக்காதவர்களும் படிக்கலாம். கடைசியில் விஷயம் நம்ம எல்லோருக்கும் பொதுவானதுதான்.

போன வாரம் கேன்டீனில் ஒரு வாக்குவாதம். எங்கள் வகுப்பில் ஃபார்முலா 1 பார்க்கிறவர்கள் மொத்தமே நாலு பேர். அதில் மூணு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விவகாரம், யூக்கி சுனோடா. "ஹோண்டா சிபாரிசுல வந்தவன்டா. பெரிய டீம்ல உக்கார வெச்சதும் சாயம் வெளுத்துடுச்சு" என்றான் ஒருத்தன். மற்ற ரெண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அன்றைக்குச் சொல்ல முடியாத பதில்தான் இது.

முதலில் ஆள் யார் என்று தெரியாதவர்களுக்கு. 2000 மே 11 அன்று ஜப்பானில் சகாமிஹாராவில் பிறந்தவர். 2018இல் ஜப்பான் ஃபார்முலா 4 சாம்பியன். 2019இல் ஐரோப்பா போய் ஃபார்முலா 3, அங்கே மோன்சாவில் ஒரு வெற்றி. 2020இல் ஃபார்முலா 2, முதல் வருடத்திலேயே மூன்று வெற்றிகள். அந்த வருடப் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள்: மிக் ஷூமேக்கர் 215, கேலம் ஐலட் 201, சுனோடா 200. ஒரு புள்ளியில் இரண்டாம் இடம் போனது. 2021 மார்ச்சில் பஹ்ரைனில் ஆல்ஃபாடவுரி காரில் ஃபார்முலா 1க்கு வந்தபோது வயது 20. முதல் ரேஸிலேயே ஒன்பதாம் இடம். 2000இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களில் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் ஆள் இவர்தான்.

சிபாரிசு மட்டும் இருந்தால் 200 புள்ளி வருமா? ஹோண்டா பணம் போட்டது உண்மை. நான் மறுக்கவே இல்லை. இந்த விளையாட்டில் யாருடைய பணமும் இல்லாமல் மேலே வந்தவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். அப்பாவின் பணம், கம்பெனியின் பணம், டீமின் பணம், ஏதோ ஒன்று வேண்டும். ஐரோப்பியப் பையனுக்குக் கம்பெனி பணம் போட்டால் அதற்குப் பெயர் "திறமையை அடையாளம் கண்டார்கள்". ஜப்பான் பையனுக்குப் போட்டால் மட்டும் "சிபாரிசு". என்ன நியாயம் இது?

இந்த முத்திரை இன்று நேற்று குத்தியது அல்ல. 1987இல் சதோரு நகாஜிமா, ஹோண்டா எஞ்சின் போட்ட லோட்டஸில் வந்த நாளிலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. ஃபார்முலா 1இல் இதுவரை மூன்றே மூன்று ஜப்பானியர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள். 1990இல் அகுரி சுசுகி, 2004இல் தகுமா சாட்டோ, 2012இல் கமுய் கோபயாஷி. மூவருமே மூன்றாம் இடம்தான். கோபயாஷி மேடை ஏறிய அடுத்த வருடமே அவருக்கு சீட் இல்லை, ரசிகர்களிடம் நன்கொடை கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதே கோபயாஷி 2021இல் டொயோட்டாவில் லெ மான் ஜெயித்தார். ஃபார்முலா 1இல் இடம் இழந்த சாட்டோ அமெரிக்கா போய் 2017இலும் 2020இலும் இண்டியானாபோலிஸ் 500 ஜெயித்தார். ஒருத்தருக்குத் திறமை இல்லை என்று தீர்ப்பு எழுதிய பிறகு, அவர் வேறு இடத்தில் போய் ஜெயித்தால், தப்பு யார் மேல்?

சரி, மேட்டருக்கு வருவோம். ரெட்புல்.

ரெட்புல்லுக்கு இரண்டு டீம்கள். ஒன்று பெரிய ரெட்புல். இன்னொன்று சின்ன டீம். 2023 வரை அதற்கு ஆல்ஃபாடவுரி என்று பெயர், இப்போது ரேசிங் புல்ஸ். சின்னதில் தேறினால் பெரியதற்குப் போகலாம், இதுதான் ஏற்பாடு. தேர்வு விதி இது என்றால் சுனோடாவின் மார்க் ஷீட்டைப் பார்ப்போம்.

2021இல் பியர் காஸ்லியிடம் தோற்றார், 110க்கு 32. படுதோல்விதான். 2022இலும் பின்னால்தான், 23க்கு 12. 2023இல் நிக் டி வ்ரீஸ் பக்கத்தில் வந்தார், பத்து ரேஸில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் வேலையை இழந்தார். அடுத்து வந்தவர் டேனியல் ரிக்கார்டோ, எட்டு கிராண்ட் ப்ரீ ஜெயித்தவர். 2024இல் ரிக்கார்டோ 18 ரேஸில் 12 புள்ளி, அவருக்குப் பதிலாக வந்த லியாம் லாசன் 6 ரேஸில் 4 புள்ளி. சுனோடா 30.

அதே வருடம் பெரிய டீமில் செர்ஜியோ பெரெஸ் திணறிக்கொண்டிருந்தார். டிசம்பரில் அவரை அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? மொத்தம் 11 ரேஸ் ஓட்டியிருந்த லாசனை! நாலு வருட அனுபவம், வகுப்பில் முதல் மார்க், ஆனால் வேலை பக்கத்து பெஞ்சுக்கு. ஹோண்டா சிபாரிசு அவ்வளவு சக்தி வாய்ந்தது என்றால் அன்றைக்கு ஏன் செல்லுபடி ஆகவில்லை? என் நண்பர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2025இன் முதல் இரண்டு ரேஸில் லாசனுக்கு ஒரு புள்ளியும் இல்லை. சீனாவில் தகுதிச்சுற்றில் கடைசி இடம். மார்ச் 27 அன்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு சுனோடாவைக் கூப்பிட்டார்கள். அடுத்த ரேஸ் சுசுகா. அதுவும் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால். குளிர்கால சோதனை ஓட்டம் முழுவதையும் வேறு டீமின் காரில் ஓட்டியவர், இந்தக் காரைத் தடத்தில் முதல் தடவை தொட்டதே அந்த வெள்ளிக்கிழமைதான். செமஸ்டர் பாதியில் பேப்பரை மாற்றிவிட்டு, வகுப்பு டாப்பரோடு மார்க்கை ஒப்பிடுகிற மாதிரி. பக்கத்தில் இருந்த டாப்பரோ நாலு தடவை உலக சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன்!

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் வேரியன்ஸ் என்று ஒன்று படிப்போம். திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம். அதில் முதல் கேள்வியே, இந்த வித்தியாசம் தொழிலாளியின் கையில் இருந்ததா, இல்லையா என்பதுதான். ஒரே மெஷினில் அடுத்தடுத்து அஞ்சு பேர் வேலை பார்த்து அஞ்சு பேரும் சரக்கைக் கெடுத்தால், ஆளைக் குறை சொல்கிற சூப்பர்வைசரை யாரும் மதிக்க மாட்டார்கள். மெஷினைத் திறந்து பார் என்பார்கள்.

2018 முடிவில் ரிக்கார்டோ போனபின் வெர்ஸ்டாப்பன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அஞ்சு பேர். காஸ்லி 12 ரேஸ், ஆல்பன் 26, பெரெஸ் நாலு வருடம், லாசன் 2, சுனோடா 22. வெளியே போன காஸ்லி 2020இல் மோன்சாவில் ஜெயித்தார், அதுவும் சின்ன டீம் காரில். ஆல்பன் வில்லியம்ஸில் போய் அந்த டீமையே தூக்கி நிறுத்தினார்.

பெரெஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். வெர்ஸ்டாப்பன் எடுத்த புள்ளியில் பெரெஸ் எடுத்தது எத்தனை சதவீதம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2022இல் 67. 2023இல் 50. 2024இல் 35. அதே ஆள், அதே டீம், பக்கத்தில் அதே வெர்ஸ்டாப்பன். வருடா வருடம் பெரெஸ் கார் ஓட்டுவதை மறந்துகொண்டே வந்தாரா? அல்லது அந்தக் கார் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பொருந்துகிற கையுறையாக மாறிக்கொண்டே வந்ததா? முன்பக்கம் கத்தி மாதிரி திரும்பும், பின்பக்கம் எப்போது வழுக்கும் என்று தெரியாது. வெர்ஸ்டாப்பனுக்கு அது பிடிக்கும். கம்ப்யூட்டர் மவுஸின் வேகத்தை உச்சத்தில் வைத்துவிட்டு வேலை பார்க்கிற மாதிரி என்று ஆல்பனே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

"அப்ப சுனோடாவோட சதவீதம் என்ன?" என்று கேட்பீர்கள். மறைக்கவில்லை. அந்த 22 ரேஸில் வெர்ஸ்டாப்பன் 385, சுனோடா 30. எட்டு சதவீதம். கேவலமாகத்தான் தெரிகிறது. ஆனால் புள்ளி என்பது முதல் பத்துப் பேருக்கு மட்டும். 11ஆவது வந்தாலும் பூஜ்யம், கடைசி வந்தாலும் பூஜ்யம். 2025இல் கார்களுக்கு நடுவே இடைவெளி அவ்வளவு குறுகிப்போயிருந்தது. ஹங்கேரியில் முதல் தகுதிச்சுற்றில் இருவருக்கும் வித்தியாசம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சுனோடா 16ஆம் இடத்தோடு வெளியே. வெர்ஸ்டாப்பன் உள்ளே போய் 8ஆம் இடத்தில் புறப்பட்டார். நேரத்தில் கடுகு, புள்ளியில் மலை. இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவது, ரொக்கப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கம்பெனியின் லாபத்தைச் சொல்கிற மாதிரி.

சுனோடா மேல் தப்பே இல்லையா? இருக்கிறது, ஏன் இல்லாமல்? 2021இல் ரேடியோவில் கத்திய கத்தல் அவரே வெட்கப்படுகிற ரகம். 2025 இமோலாவில் தகுதிச்சுற்றில் காரை உருட்டியே விட்டார். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் பழைய பாகங்களோடு ஓட வேண்டி வந்ததென்றால் அதில் அவர் பங்கும் உண்டு. ஆஸ்திரியாவில் கொலபின்டோவை இடித்துவிட்டுக் கடைசியாக வந்தார். மொனாக்கோவிலிருந்து ஹங்கேரி வரை ஏழு ரேஸ் பூஜ்யம். டீம் பட்டியலில் ரெட்புல் 451 புள்ளியோடு மூன்றாவது, மெர்சிடிஸ் 469 புள்ளியோடு இரண்டாவது. இடையில் 18 புள்ளி. சுனோடா சுமாராக ஓட்டியிருந்தாலே அது வந்திருக்கும். இதையெல்லாம் அவர் பற்றுப் பக்கத்தில் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வரவுப் பக்கத்தையும் எழுதுங்கள். ஸ்பாவில் புதிய அடித்தளம் கைக்கு வந்த உடனே தகுதிச்சுற்றில் 7ஆம் இடம். பாகுவில் 6ஆவது. ஆஸ்டினில் ஸ்பிரிண்ட், ரேஸ் ரெண்டிலும் 7ஆவது. கத்தார் ஸ்பிரிண்ட் தகுதிச்சுற்றில் வெர்ஸ்டாப்பனையே முந்தி 5ஆவது. காரைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தவர் ஓட்டுகிற விதம் இது. அந்தப் புரிதலுக்கு வேண்டிய குளிர்காலத்தை டிசம்பரில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

2025 டிசம்பர் 2 அன்று அறிவிப்பு வந்தது. 2026க்கு வெர்ஸ்டாப்பன் பக்கத்தில் ஐசக் ஹஜார், சின்ன டீமில் லாசனும் ஆர்விட் லிண்ட்பிளாடும். சுனோடாவுக்கு ரிசர்வ் வேலை. கவனியுங்கள், இரண்டே ரேஸில் தள்ளப்பட்ட லாசனுக்குத் திரும்பிப் போக ஒரு சீட் இருந்தது. 22 ரேஸ் தாக்குப்பிடித்தவருக்கு அதுவும் இல்லை. ஹோண்டா 2026இல் ஆஸ்டன் மார்ட்டினுக்கு மாறியது. அங்கே சீட்டில் இருந்தவர்கள் அலோன்சோவும் ஸ்ட்ரோலும். எங்கேப்பா அந்தப் பெரிய சிபாரிசு?

அஞ்சு நாள் கழித்து அபுதாபியில் கடைசி ரேஸ். வெர்ஸ்டாப்பன் சாம்பியன் ஆக வேண்டுமென்றால் நோரிஸைத் தடுத்து நிறுத்த ஒரு ஆள் வேண்டும். யார் நின்றது? வேலை போய்விட்டது என்று தெரிந்த அதே சுனோடாதான். காரை இப்படியும் அப்படியும் வளைத்து வழிமறித்தார், ஐந்து நொடி அபராதமும் வாங்கினார். நோரிஸ் தாண்டிப் போய் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். நோட்டீஸ் பீரியடில் இருக்கிறவன் இந்த அளவு வேலை பார்ப்பானா? நான் பார்க்க மாட்டேன்.

போன கோடையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக்குப் போனேன். எனக்கு முன்னால் மூணு பேர் குழப்பி வைத்த லெட்ஜரைக் கையில் கொடுத்து, ரெண்டே வாரத்தில் டேலி ஆகணும் என்றார்கள். ஆகவில்லை. "உனக்கு இது சரிப்பட்டு வராதுப்பா" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். என் தப்பும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன்னால் மூணு பேருக்கும் அதே வரியைத்தான் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. நாலாவது ஆளுக்குப் பிறகாவது யாராவது அந்த லெட்ஜரைத் திறந்து பார்த்தார்களா, தெரியாது.

வாய்ப்புக் கொடுப்பது வேறு, நியாயமான வாய்ப்புக் கொடுப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்த மாதிரி கணக்குக் காட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். சுனோடாவை வெர்ஸ்டாப்பனுக்குச் சமம் என்று நான் சொல்லவே இல்லை. அவர் இல்லை. ஆனால் ஏழு வருடத்தில் அஞ்சு பேரை உட்கார வைத்து எழுப்பிய நாற்காலியின் நஷ்டத்தை, கடைசியாக எழுந்தவர் கணக்கில் மொத்தமாக எழுதக் கூடாது. எழுதினால் அந்த பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடக் கூடாது.

கேன்டீன் நண்பர்களே, மறுப்பு இருந்தால் எழுதுங்கள். எண்களோடு வாருங்கள். டீ என் செலவு.