வகுப்பறையிலும் வாக்கெடுப்பு நடக்கட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஆறாம் வகுப்பு முதல், வகுப்புத் தலைவரை மாணவர்களே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் தாங்கள் ஆணையிட வேண்டும். சமூக அறிவியல் நடத்துகிறவன், தேர்தல் பணிக்குப் போய் வருகிறவன் என்ற இரண்டு உரிமையிலும் இதைக் கேட்கிறேன்.

தேர்தல் நாளில் எங்கள் வகுப்பறைகள்தான் வாக்குச்சாவடிகள். விடிந்ததும் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறோம். எண்ணிக் காட்டி, அந்தப் பதிவை அழித்த பிறகே வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு முத்திரை வைக்கிறோம். யாருக்கு வாக்கு விழுந்தது என்பதை விவிபாட் எனும் வாக்குச் சரிபார்ப்புக் கருவியின் சீட்டு 7 நொடி காட்டுகிறது. மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்கு நகல் தருகிறோம். ஒருவரையொருவர் துளியும் நம்பாத கட்சிகளையும் ஒரே முடிவை ஏற்க வைக்கும் ஏற்பாடு இது. பிள்ளைகள் அன்றாடம் உட்காரும் அறையிலேயே இத்தனையும் நடக்கிறது. அவர்களுக்கோ அன்று விடுமுறை. திரும்பி வந்ததும் தேர்தல் ஆணையத்தின் பணிகளை ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறார்கள்.

பாடநூலில் உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்துத் தேர்ந்தெடுத்த, முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையைப் பெருமையோடு நடத்துகிறோம். அதே கல்வெட்டு, நிலமும் சொந்த மனையும் உள்ளவர்களே ஊர்ச் சபையின் வாரியங்களில் உறுப்பினராகலாம் என்கிறது. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைக்கிறது. இதில் எந்த விதியை இன்றும் வைத்துக்கொள்ளலாம், எது நியாயமில்லை என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பாடவேளை முடிந்த பிறகும் விவாதிப்பார்கள். அந்த விவாதத்துக்கு வினாத்தாளில் இடமில்லை. அதனால் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் வகுப்பிலும் இடமில்லாமல் போகிறது.

வகுப்புத் தலைவரை இன்று பெரும்பாலும் ஆசிரியர்தான் நியமிக்கிறார். நன்றாகப் படிப்பவன், உரக்கப் பேசுபவன், ஆசிரியர் இல்லாதபோது பேசியவர் பெயரைப் பலகையில் எழுதுபவன் தலைவனாகிறான். அதிகாரம் மேலிருந்து வரும், அதன் வேலை கண்காணிப்பது என்ற பாடத்தை இதன் மூலம் நாமே நடத்திவிடுகிறோம்.

இதை மாற்றப் பெரிய செலவு ஆகாது. வேட்புமனு, ஒரு வாரப் பிரசாரம், வாக்குச்சீட்டு, நோட்டா, வேட்பாளரின் முகவர்கள், எல்லோர் கண்முன்னும் எண்ணிக்கை ஆகியவை போதும். நடத்தத் தெரிந்தவர்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். வென்றவருக்கு உண்மையான பொறுப்பு இருக்க வேண்டும்: விளையாட்டுப் பொருள்களைப் பகிர்வது, நூலக நேரத்தை முடிவு செய்வது, குடிநீர், கழிப்பறைக் குறைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொண்டுபோவது. மாதம் ஒருமுறை அவர் வகுப்பின் முன் நின்று, சொன்னதில் எதைச் செய்தார் என்று பதில் சொல்ல வேண்டும். வாக்குப் போடுவதை ஒரே நாளில் பழகிவிடலாம். கேள்வி கேட்கப் பழகத்தான் ஆண்டுகள் வேண்டும்.

இது பள்ளிக்குள் அரசியலைக் கொண்டுவரும் என்று சிலர் அஞ்சலாம். அரசியல் பிள்ளைகளின் வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. வாக்குக்குப் பணம் தரப்படுவது அவர்களுக்குத் தெரியும். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் எனப் பண விநியோகப் புகாரால் தேர்தல்கள் ரத்தான மாநிலம் இது. சாதியும் அவர்களுக்குத் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காதவர்கள், 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை நடக்கவிடவில்லை. அதே போன்ற எதிர்ப்பில், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் படுகொலை செய்யப்பட்டார். வாக்குரிமைக்கு இந்த மண்ணில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை வகுப்பறை சொல்லாவிட்டால், வாக்குக்கு என்ன விலை என்பதைத் தெரு சொல்லிக்கொடுக்கும். எந்தக் கட்சிக்கும் சார்பில்லாமல் இவற்றைப் பேசும் ஆசிரியருக்குத் துறை துணை நிற்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாததால்தான் பலரும் வாய் திறப்பதில்லை.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். ஜனவரி 26, ஆகஸ்டு 15 ஆகிய நாள்களில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். அதே நாளில் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரோடு சென்று ஓரமாக அமர்ந்து கவனிக்கட்டும். தீர்மானங்கள் எப்படி நிறைவேறின என்று எழுதி வரட்டும். அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்தது மேல்நிலை வகுப்பு. 17 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் தகுதியுள்ள ஒவ்வொரு மாணவரும் படிவம் 6-ஐத் தானே நிரப்ப வகுப்பில் நேரம் ஒதுக்குங்கள். படிப்பை முடித்து வேலைக்கு வெளியூர் போய்விட்டால் பலருக்கு இது தள்ளிப்போய்விடுகிறது.

1989-இல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. அந்த உரிமையோடு அதைப் பயன்படுத்தும் பயிற்சியையும் கொடுக்க வேண்டிய இடம் பள்ளிதான். வரும் கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே முதல் வகுப்புத் தேர்தல் நடக்க ஆணை பிறப்பியுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியர்