போகிற காலத்துப் பேச்சை இருக்கிற காலத்திலேயே பேசிடுங்க!

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? வாயில நல்ல வார்த்தையே வராதா?"

வீட்டில் ஒரு பெரியவர் தன் கடைசிக் காலத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தால் போதும், இப்படித்தான் நாலு பக்கமிருந்தும் அடக்கிவிடுகிறோம். அவரும் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்கிறார். அப்புறம் அந்தப் பேச்சு அந்த வீட்டில் வருவதே இல்லை.

மகள் கல்யாணத்துக்கு அஞ்சு வருஷம் முன்னாலேயே சீட்டு கட்டுகிறோம். பேரன் படிப்புக்கு அவன் தவழும்போதே பணம் போடுகிறோம். வீடு கட்ட வாஸ்து பார்க்கிறோம். எல்லார் வீட்டிலும் நிச்சயமாக நடக்கப்போகிற ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் எந்த ஏற்பாடும் கிடையாது. இது சரிதானா? நீங்களே சொல்லுங்க.

"கிடையில விழாம, யாருக்கும் பாரமில்லாம பட்டுனு போய்ச் சேரணும்" என்று சொல்லாத பாட்டி தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் அது பிரார்த்தனைதானே தவிர, விருப்பத்தைத் தெரிவித்ததாகாது. 'பட்டுனு' போகாமல் கிடையில் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பாட்டி சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நம் காலத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, புற்று, மறதி நோய் என்று மெல்ல மெல்லத் தேய்க்கும் நோய்கள்தான் முதுமையில் அதிகம். பட்டென்று போகிற பாக்கியம் பலருக்கு வாய்ப்பதில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கையெழுத்து

பேசாமல் இருந்துவிட்டால் என்ன நடக்கிறது? அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது. ஆம்புலன்ஸ் வருகிறது. ஐ.சி.யூ. வாசலில் டூட்டி டாக்டர் கேட்கிறார்: "வென்டிலேட்டர் போடணும். போடவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க." ராத்திரி ரெண்டு மணி. பெரிய மகன் கையில் ஃபாரமும் பேனாவும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி போனில், "என்ன செலவானாலும் பரவாயில்ல, விட்டுடாதீங்க" என்கிறான். பத்து வருஷமாக அப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டிய மருமகள், "மாமா ரொம்பத் தவிக்கிறாங்களே" என்று அழுகிறாள். அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை.

போடச் சொன்னால், "குழாயும் ஊசியுமா வதைச்சிட்டோமே" என்ற குறை. வேண்டாமென்றால், "நாமளே முடிச்சிட்டோமே" என்ற உறுத்தல். காரியம் முடிந்து பதினாறாம் நாள் கழிந்த பிறகும் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனை! இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பாவின் மனசில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாததுதான் இத்தனைக்கும் காரணம்.

மும்பை மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக் கதை பலருக்கு நினைவிருக்கும். 1973ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு, சுயநினைவு திரும்பாமல், 2015ல் இறக்கும்வரை ஏறக்குறைய 42 ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். "அவரை நிம்மதியாகப் போக விடுங்கள்" என்று ஒரு எழுத்தாளர் உச்ச நீதிமன்றம் போனார். "எங்கள் சகோதரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், விடமாட்டோம்" என்றார்கள் அந்த மருத்துவமனை ஊழியர்கள். 2011ல் நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. இரண்டு தரப்பும் பேசியது அன்பால்தான். அருணா என்ன நினைத்திருப்பார் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. நமக்கு இருக்கிறதே!

சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?

இப்படிச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் கல்லூரியில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வைச் சொல்லித் தரும்போதே, சாத்தியம், அசாத்தியம் என்ற பிரிவையும் சொல்லித் தருகிறார்கள். எந்த நோய் தீரும், எது தீராது என்று பார்ப்பதும் வைத்தியத்தில் பாதி. மருந்து கொடுக்கத் தெரிந்தவன், "இனி மருந்துக்கு வேலையில்லை, கவனிப்புக்குத்தான் வேலை" என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் மரபு.

ஆனால் நடப்பது என்ன? பெரிய ஆஸ்பத்திரியில் கைவிட்ட பிறகு ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். "ஏதாவது பஸ்பம், செந்தூரம் கொடுத்துக் காப்பாத்துங்க" என்கிறார்கள். அந்த நிலையில், "தொண்ணூறு நாளில் எழுப்பி நடக்க வைக்கிறேன்" என்று பணம் கறக்கிறவர்கள் எங்கள் துறையிலும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. முழுங்கவே முடியாதவருக்குக் கட்டாயப்படுத்தி மருந்து புகட்டுவதும் வதைதான். அது சித்த மருந்தாக இருந்தாலும்!

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பங்காக வைக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். அதில் முதல் இடம் நோயாளிக்கு. இன்று மற்ற மூன்று பேரும் கூடிப் பேசி முடிவெடுக்கிறோம். முதல் ஆளைக் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. கௌரவமாக வாழும் உரிமையில் கௌரவமாக இறக்கும் உரிமையும் அடக்கம் என்றது. 18 வயது நிறைந்த, தெளிந்த புத்தியுள்ள எவரும், "பிழைக்க வழியில்லாத நிலையில், நானே முடிவு சொல்ல முடியாமல் போனால், எனக்கு இன்னின்ன சிகிச்சை வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சொத்துக்கு எழுதும் உயில் வேறு, இது வேறு. இதை 'லிவிங் வில்' என்கிறார்கள்.

முதலில் இதற்கு மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. அதனால் பலரும் தயங்கினார்கள். 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். உங்கள் சார்பில் பேச வேண்டியவர்கள் யார் என்று பெயர் எழுத வேண்டும். ஒருவருக்கு மேல் எழுதலாம். அவர்களுக்கும் குடும்ப டாக்டருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

"பேப்பரைக் காட்டினதும் டாக்டர் குழாயைப் பிடுங்கிடுவாரா?" என்ற பயம் வேண்டாம். சிகிச்சை தரும் டாக்டரோடு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்த ஒரு குழு பார்க்க வேண்டும். அதன் பிறகு வேறு மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டாவது குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் எதுவும். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு நம் நாட்டில் அனுமதி கிடையாது. இயற்கையாக வரும் முடிவை இயந்திரத்தால் தள்ளிப்போடாமல் இருப்பது மட்டும்தான் இது.

'போதும்' என்று யார் சொல்வது?

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். தென் மாவட்டங்களில் சில இடங்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், படுத்த படுக்கையான முதியவர்களுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரை மேலும் மேலும் புகட்டி, உயிரை முடிக்கும் கொடுமை நடந்ததுண்டு. 2010ல் விருதுநகர் மாவட்டத்துச் செய்திகள் பத்திரிகைகளில் வந்து பலரையும் உலுக்கின. "அவருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்" என்பார்கள். அது கொலைதான். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. 'போதும்' என்ற சொல் அந்தப் பெரியவர் வாயிலிருந்து, அவர் நல்ல தெளிவோடு இருக்கும்போது வர வேண்டும். பார்த்துக்கொள்கிறவர்கள் வாயிலிருந்து வரக் கூடாது. "எண்பது ஆச்சு, இனிமே எதுக்கு ஆபரேஷன்?" என்று மகன் சொல்வதை ஏற்க முடியாது. எண்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர் சிகிச்சைக்குப் பின் எழுந்து நடக்கிறார். நிமோனியா வந்தவர் மருந்தில் தேறி வீட்டுக்கு வருகிறார். தீரக்கூடிய நோய்க்கு வயதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது துரோகம். எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னால், அதுவும் அவர் விருப்பம்தான். அதையும் மதிக்க வேண்டும்.

அதேபோல, சிகிச்சையை நிறுத்துவது என்றால் கவனிப்பை நிறுத்துவது இல்லை. வலிக்கு மருந்து, மூச்சுத் திணறலுக்கு மருந்து, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, வாயைச் சுத்தமாக வைப்பது... இவை கடைசி மூச்சுவரை வேண்டும். புற்று நோயின் கடும் வலிக்கு டாக்டர் மேற்பார்வையில் தரும் மார்ஃபின் நல்ல மருந்து. அதை எங்கள் வைத்தியத்தைக் காட்டித் தடுக்க மாட்டேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நர்ஸ்கள் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. போகிற நேரத்தில் உடம்பில் பசித்தீ தானாக அவிந்துவிடும். "சாப்பிடவே மாட்டேங்குறாரே" என்று வாயைத் திறந்து கஞ்சியைத் திணித்தால், அது நுரையீரலுக்குப் போகும். கடைசியில் பால் ஊற்றுகிற வழக்கத்திலும் இந்த ஆபத்து உண்டு. பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தாலே சாஸ்திரம் நிறைவேறிவிடும்.

எப்படிப் பேச்சை எடுப்பது?

பிள்ளைகள் தொடங்கினால், "சொத்துக்கு அலையிறான்" என்ற பேர் வரும். எனவே பெரியவர்களே, நீங்களே தொடங்குங்கள். தெருவில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரித்துவிட்டு வந்த சாயங்காலம் நல்ல சமயம். அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுவாரமும் நல்ல சமயம். எனக்கு 55 வயது முடிந்ததும் நானும் என் வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கையில் கொடுத்து, "அப்ப எனக்கு என்ன வேணும்னு நானும் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றாள்.

அம்மாக்களைக் கேட்க மறக்காதீர்கள். "உங்க இஷ்டம்ப்பா" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர் இஷ்டத்துக்கு இருந்தவர்கள், இதையாவது தன் இஷ்டப்படி சொல்லட்டுமே!

என்னவெல்லாம் பேச வேண்டும்?

* எனக்குத் தீராத நோய் என்றால் என்னிடம் நேரடியாகச் சொல்வீர்களா? சொல்ல வேண்டுமா, வேண்டாமா?
* பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகு வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்குக் குழாய் உணவு வேண்டுமா?
* கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியிலா, என் வீட்டுக் கட்டிலிலா?
* என்னால் பேச முடியாதபோது எனக்காகப் பேச வேண்டியது யார்? அவர் சொல்வதை மற்றவர்கள் ஒப்புக்கொள்வீர்களா?
* என் சிகிச்சைக்கு எவ்வளவு வரை செலவு? வீட்டை அடகு வைப்பதில் எனக்குச் சம்மதமா?
* கண் தானம், உடல் தானம் செய்யலாமா? காரியங்கள் எப்படி நடக்க வேண்டும்?

கண் தான அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தால் மட்டும் போதாது. உங்களுக்குப் பின் சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டார்தான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். இமைகளை மூடி, மின்விசிறியை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, உடனே கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதெல்லாம் நடக்க வேண்டுமானால், முன்பே பேசி வைத்திருந்தால்தான் உண்டு.

பேசி முடித்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, ரேஷன் கார்டு, இன்ஷூரன்ஸ் பத்திரம் இருக்கும் அதே இடத்தில் வையுங்கள். முறைப்படி நோட்டரியிடம் போவதை அப்புறம் செய்துகொள்ளலாம். நிலைமையும் மனசும் மாறும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்றால், நாடி பார்க்கும் எங்களில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டோம்! பேச்சினால் ஆயுள் குறைவதில்லை. உங்கள் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தவிக்கிற தவிப்புத்தான் குறையும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டி.வி.யைக் கொஞ்சம் அணைத்துவிட்டு, எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்களேன்.