வெடிச்ச தக்காளியும் தடிச்ச தோலும்

ஜவ்வாது மலையில காஞ்சு கிடந்த நிலத்துல திடீர்னு மழை கொட்டினா தக்காளி வெடிச்சிடும். வேர் இழுக்கும் தண்ணியில சதை சட்டுனு பெருக்கும். தோல் அந்த வேகத்துக்கு விரியாது. அதனாலதான் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா ரக்ஷக் மாதிரி கெட்டிப் பழ ரகங்களை நடுறோம். மலையிறங்கி சந்தைக்குப் போறவரைக்கும் தாங்கும். ஆனா ரகம் பாதிதான். மண் ஈரத்தைச் சீரா வைக்கிற மூடாக்கும் அளவான பாசனமும் மீதி.

நீங்க என்ன கேக்குறீங்க? "ரசத்துல கரையுற நாட்டுத் தக்காளி இல்லையா?" கரையுறது மெல்லிய தோல், வெடிக்கிறதும் அதே தோல்தான். காம்போரம் ஒரு கீறல் இருந்தா ஒதுக்கிடுறீங்களே! காஞ்சு ஆறின கீறல் அழுகல் இல்லைங்க. வாங்குங்க, அன்னைக்கே சமைச்சிடுங்க. நீங்க வாங்கினாத்தான் நாட்டு ரகம் எங்க பாத்தியில நிக்கும்.