வெப்பச்சலனம் மட்டும் போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில், ஏரிக்குக் கீழே உள்ள வயல்களை மனை போடுவது பற்றிப் பேச்சு வந்தது. "ஏரியையும் வயலையும் அழித்தால் மழையும் குறையும்" என்று எழுதினேன். மனை வியாபாரம் செய்யும் மாணவர் ஒருவர், "டீச்சர், மழை கடல்ல இருந்து வருதுன்னு நீங்கதானே அஞ்சாம் வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்க? ஏரிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நான் பாதிப் பாடம்தான் நடத்தினேன். மீதி இதோ.

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் என்ன நடக்கும்? பகல் முழுக்க வெயில் காயும். பிற்பகலில் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் திரளும். சாயங்காலம் இடி, மழை. டிவியில் "வெப்பச்சலனம் காரணமாக" என்பார்கள். வெப்பம் மட்டும் போதுமென்றால் அக்னி நட்சத்திரத்தில் தினமும் கொட்ட வேண்டுமே! கொட்டுவதில்லை. வெப்பம் காற்றை மேலே தூக்கிவிடும். தூக்கிய காற்றில் ஈரம் இருந்தால்தான் மேகம்.

அந்த ஈரத்தில் பெரும்பங்கு கடல் தருவது. ஆனால் ஒரு பங்கை நம் மண்ணும் பயிரும் தருகின்றன. ஈரமான நிலத்தில் வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல் சுமார் 8 மடங்கு, அதை ஆவியாக்கத் தேவை. மண் காய்ந்து கிடந்தால் அந்த வெப்பமெல்லாம் காற்றைச் சுட வைக்கப் போய்விடும்.

ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வெப்பநிலைக்கும், அதிலுள்ள ஆவி துளியாக மாறும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்குங்கள். மேகத்தின் அடிப்பகுதி ஏறக்குறைய எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது கிடைக்கும். 36 டிகிரியும் 24 டிகிரியும் என்றால் 1,500 மீட்டர். காய்ந்த நாளில் 40ம் 16ம் என்றால் 3,000 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் துளிகளில் பாதி, வறண்ட காற்றிலேயே ஆவியாகிவிடலாம். இடி மட்டும் இடித்து நாலு தூறலோடு போகும் நாட்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் "ஈரம் இருக்கும் இடத்தில்தான் மழை" என்றும் முடித்துவிடாதீர்கள். 2012இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் உலகம் முழுவதுமான செயற்கைக்கோள் பதிவுகளைப் பார்த்தபோது, பிற்பகல் மழை சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் காய்ந்த மண்ணின் மேல்தான் அதிகம் பெய்வதாகத் தெரிந்தது. வியப்பாக இருக்கிறதா? கடற்காற்றுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் நிலம் சுடும், அங்கே காற்று எழும்பும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். அதேபோல் ஈர நிலத்திலிருந்து பக்கத்துக் காய்ந்த நிலத்துக்குக் காற்று நகரும். அங்கே எழும்பி மேகமாகும். அதாவது நம் ஊர் சேர்த்து வைத்த ஈரம் பக்கத்து ஊரில் மழையாகலாம். அவர்கள் ஈரம் நமக்கு வரலாம்.

ஆகையால் என் பேச்சையும் திருத்திக்கொள்கிறேன். ஓர் ஏரி மூடப்பட்டதால் மழை நின்றுவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் தாழ்வு மண்டலம் கொண்டுவரும் மழைக்கு நம் ஏரியின் தயவு தேவையில்லை. ஆனால் பல கிலோமீட்டர் பரப்புக்கு வயலும் ஏரியும் போய்ச் சிமெண்டும் பொட்டலும் ஆனால், நம் சாயங்கால மழைக்கான ஈரத்தில் ஒரு பங்கு போய்விடும். ஒவ்வொரு மனைக்காரரும் "என் ஒரு ஏக்கரால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பதில்தான் ஆபத்து.

நம் பகுதிக்கு இன்னொரு துன்பமும் உண்டு. தோல் கழிவின் உப்பு. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. பயிர் வாடினால் இலை வழியாக ஆவி போவதும் குறையும். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் சொன்னதை, உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தோல் தொழில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது. உங்களில் பலர் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். மறக்கவில்லை. ஆனால் சோற்றையும் குடிநீரையும் மட்டுமல்ல, வானத்துக்குப் போக வேண்டிய ஈரத்தையும் அந்த உப்பு தடுக்கிறது.

என் பங்குக்கு ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் இருக்கிறது. அதையும் மனையாக்கத் தம்பி மகன் கேட்கிறான். கண்ணா, இந்தப் பதிவு உனக்கும் சேர்த்துத்தான். நெல் பச்சையாக நிற்கும் ஒரு நாளில் 4 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், அந்த அரை ஏக்கர் மட்டும் சுமார் 8,000 லிட்டரை வானத்துக்கு அனுப்புகிறது. நான் இருக்கும்வரை அது வயலாகவே இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

பஞ்சாயத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர் வாருங்கள். ஆயக்கட்டு நிலத்தை மனையாக்க வந்தால் கேள்வி கேளுங்கள். வீடு கட்டுகிறவர்கள் வாசல் முழுக்கச் சிமெண்ட் பூசாமல் கொஞ்சம் மண்ணை விடுங்கள்.

கேள்வி கேட்ட மாணவருக்கு நன்றி. வகுப்பில் கை தூக்கத் தயங்கிய பிள்ளை இன்று டீச்சரையே திருத்த வைத்திருக்கிறது. மறுத்துப் பேச இன்னும் இருந்தால் எழுதப்பா, படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்